ஓட்டோ கியர் தடுமாறினால்: கியர்பொக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சியில் என் கராச் வாசலில் கார் வந்து நிற்கும்போது பெரும்பாலும் தீர்ப்பும் கூடவே வந்து இறங்குகிறது. "தம்பி, கியர்பொக்ஸ் போய்விட்டதாம். இறக்கத்தான் வேண்டுமாம்." யார் சொன்னது என்று கேட்டால் மச்சான் சொன்னார், பக்கத்து வளவுக்காரர் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஒயில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்த கார்களையே ஓட்டித் தீர்த்தோம். ஆகவே இன்று வன்னியில் ஓடும், கிளச் மிதிக்காமல் தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர் கார்களில் பல பத்து, பதினைந்து வயதைத் தாண்டியவை. அவை தடுமாறுவதில் வியப்பில்லை. ஆனால் தடுமாறுவதற்கும் சாவதற்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம். செலவில்லாதவை முன்னே, கைக்காசு போகிறவை பின்னே.

கார் வீதியில் நின்றுவிட்டால்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சேதம் இங்கேதான் நடக்கிறது. கார் நகராவிட்டால் நம் ஊரில் முதலில் வருவது உழவு இயந்திரமும் கயிறும். மனுவல் கியர் காருக்கு அது சரி. ஓட்டோ கியருக்குச் சரியல்ல. கியர்பொக்ஸுக்குள் ஒயிலைச் சுழற்றும் பம்ப் எஞ்சினின் சுழற்சியில்தான் இயங்குகிறது. எஞ்சின் நின்றபடி சில்லுகள் மட்டும் உருண்டால், உள்ளே பற்சக்கரங்களும் தகடுகளும் ஒயில் இல்லாமல் உராயும். ஒட்டுசுட்டானில் இருந்து கிளிநொச்சி வரை கயிற்றில் வந்த காரில், முதலில் இருந்த சிறு பழுதைத் தேடுவது வீண்வேலை. வந்த வழியிலேயே அது பெரும் பழுதாகியிருக்கும்.

தட்டையான தளம் உள்ள லொறியில் ஏற்றுங்கள். முடியாவிட்டால், முன்சில்லு இழுக்கும் காரின் முன்சில்லுகளைத் தூக்கி, பின்சில்லுகள் மட்டும் உருளும்படி கொண்டு வாருங்கள். ஹைபிரிட் காராக இருந்தால் இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். சில்லு உருண்டால் உள்ளே இருக்கும் மோட்டார் மின்சாரத்தைப் பிறப்பிக்கும்.

முதலாவது கேள்வி: எப்போது?

மருத்துவர் நாடி பிடிப்பதுபோல நான் கேட்கும் ஒரே கேள்வி "எப்போது?" என்பதுதான். "கியர் மாறுகுதில்லை" என்ற சொல்லுக்குள் ஏழெட்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரிப்பது நேரமும் சூடும் வேகமும்தான். ஒரு தாளை எடுத்து இரண்டு நாள் ஓட்டத்தில் கவனித்து எழுதுங்கள்.

காலையில் முதல் தடவை டிரைவ் போட்டதும் இரண்டு மூன்று செக்கன் கார் யோசித்துவிட்டு, பிறகு நாள் முழுக்கச் சரியாக ஓடுகிறது என்றால், ஒயில் குறைவு அல்லது உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப்போனது. அரை மணித்தியாலம் ஓடி, சூடான பின்னரே வழுக்கத் தொடங்குகிறது என்றால், சூட்டில் ஒயில் இளகி அழுத்தம் எங்கோ கசிகிறது. இது முந்தியதைவிடக் கவலைக்குரியது. இரண்டில் இருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் எஞ்சின் உறுமிவிட்டுப் பிறகு பிடிக்கிறது, மற்ற மாற்றங்கள் பட்டுப்போல இருக்கின்றன என்றால், அந்த ஒரு மாற்றத்துக்குப் பொறுப்பான கிளச்சையோ (தகடுகளை இறுக்கிக் கியரைப் பிடிக்கும் பகுதி) சொலனொயிட்டையோ (ஒயில் போகும் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) தேடவேண்டும். முழுப் பெட்டியையும் சந்தேகிக்கத் தேவையில்லை. திடீரென்று ஒரே கியரில் உறைந்துபோய், புறப்படும்போது மூன்றாம் கியரில் இழுப்பதுபோல மந்தமாகி, எஞ்சினை நிறுத்தி மறுபடி எடுத்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது என்றால், அது கியர்பொக்ஸைப் பாதுகாக்கக் காரின் கணினி போட்ட பூட்டு. அநேகமாக மின்சாரப் பழுது. ரிவேர்ஸ் மட்டும் இல்லை என்றால் அதற்கென்று இருக்கும் கிளச். டிரைவிலும் இல்லை, ரிவேர்ஸிலும் இல்லை என்றால் ஒயில், கேபிள், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஒரு பக்கத்து அச்சுத்தண்டு கழன்றிருந்தாலும் கார் இப்படித்தான் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்தத் தாளோடு கராச்சுக்குப் போகிறவரை எந்த மெக்கானிக்கும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

உங்கள் காரில் இருப்பது எந்தக் கியர்?

"ஓட்டோ" என்ற ஒரே சொல்லால் நாம் ஐந்து வேறு இயந்திரங்களை அழைக்கிறோம்.

பழைய கொரோல்லா போன்றவற்றில் இருப்பது டோர்க் கன்வேர்ட்டரும் (எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியே கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பகுதி) நான்கு கியர்களும் கொண்ட பழைய முறை. ஆக்சியோ, வகன் ஆர் ஸ்டிங்ரே போன்ற ஜப்பானியக் கார்களில் இருப்பது சி.வி.டி. அதில் கியர் என்று ஒன்று மாறுவதே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையில் உருக்குப் பட்டி ஒன்று ஏறி இறங்குகிறது. அக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் சத்தம் முன்னே போய், வேகம் பின்னால் வருவது அதன் குணம். அதை வழுக்கல் என்று எண்ணிக் காரைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. இந்தியாவில் இருந்து வந்த சிறு கார்கள் சிலவற்றில் இருப்பது சாதாரண மனுவல் கியர்தான். கிளச்சை மிதித்துக் கியரை மாற்றும் வேலையை ஓர் இயந்திரக் கை செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் தலை சற்று முன்னே ஆடும். அதுவும் பழுதல்ல. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்டுகளில் கிளச் தகடுகளும் இல்லை, மாறும் கியரும் இல்லை. அங்கே இழுவை குறைந்தால் பற்றரி, இன்வேர்ட்டர், அதன் குளிர்நீர் என்று வேறு திசையில் தேட வேண்டும். ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்டுகள் சிலவற்றில் இருப்பது இரட்டைக் கிளச் கொண்ட ஏழு கியர். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடாகி நடுங்கும்.

இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி முதலிரண்டு வகைகளுக்கானது.

கியர்பொக்ஸ் அல்லாத குற்றவாளிகள்

பற்றரியில் தொடங்குங்கள். கணினியும் சொலனொயிட்டுகளும் மின்னழுத்தத்தை நம்பி வாழ்பவை. ஓய்வில் 12.6 வோல்ட் அளவும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். பற்றரி முனையில் வெள்ளைப் பூஞ்சணம்போல உப்புப் படிந்திருந்தால், சுடுநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து இறுக்குங்கள். பற்றரியைக் கழற்றி மாட்டினால் கணினி பழகி வைத்திருந்த அளவுகளை மறந்துவிடும், சில நாட்களுக்குக் கியர் சற்று முரட்டுத்தனமாக மாறலாம். புதிய பற்றரி போட்ட மறுநாளே "கியர் இடிக்கிறது" என்று வருபவரிடம் ஒரு கிழமை ஓட்டிவிட்டு வரச் சொல்கிறேன்.

அடுத்தது எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள். ஒருவர் காரில் இருந்து பிறேக்கை அழுத்தி மிதித்தபடி டிரைவ், ரிவேர்ஸ் என்று மாற்ற, இன்னொருவர் பொனெற்றைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். காருக்கு முன்னால் நிற்க வேண்டாம். எஞ்சின் ஒரு சாண் துள்ளினால் ரப்பர் கிழிந்திருக்கிறது. கியர் இடிப்பது என்று நீங்கள் உணர்வது எஞ்சின் சட்டத்தில் மோதும் சத்தம்.

நம் பக்கத்தில் அதிகமாகக் காணும் ஒன்று, எஞ்சின் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாற் இல்லாத கார். கோடைச் சூட்டுக்கு நல்லது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பல கார்களில் எஞ்சின் நீர் போதிய சூட்டை எட்டும்வரை கணினி மேல் கியருக்கு விடாது, கன்வேர்ட்டரையும் பூட்டாது, அதாவது எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நேராக இணைக்காது. தேர்மோஸ்டாற் இல்லாத எஞ்சின் சூடாக நெடுநேரம் எடுக்கும், மாரிகாலத்தில் சூடாகாமலே போகும். கார் மூன்றாம் கியரிலேயே கத்திக்கொண்டு ஓடும், பெற்றோல் குடிக்கும். உரிமையாளர் கியர்பொக்ஸைத் திட்டுவார். சில ஆயிரம் ரூபாய்ச் சாமானோடு முடியும் வேலை அது.

பார்க்கில் இருந்து கியர்க்கோல் அசைய மறுத்தால், காருக்குப் பின்னால் ஒருவரை நிறுத்திப் பிறேக்கை மிதியுங்கள். பிறேக் விளக்கு எரியாவிட்டால் பெடலுக்கு மேலே இருக்கும் சிறிய சுவிட்ச்தான் காரணம். பிறேக் மிதிபட்டது என்று தெரியாமல் பூட்டு திறக்காது. கியர்க்கோல் இருக்கும் இடத்துக்கும் டாஷ்போர்ட் காட்டும் எழுத்துக்கும் பொருத்தமில்லை என்றால் கேபிள் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (சிறு வளையம்) உடைந்திருக்கும். ரயர்கள் நான்கும் ஒரே அளவா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒயில் பார்ப்பது எப்படி

இங்கே அவசரம் கூடாது. எஞ்சின் ஒயில் பார்ப்பதுபோல இதைப் பார்க்க முடியாது என்பதே பலருக்குத் தெரியாது.

அளவுக்கம்பி உள்ள பெரும்பாலான கார்களில்: பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி ஒயில் சூடாக வேண்டும். சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக் இழுத்து, எஞ்சின் ஓடியபடியே, பிறேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கில் இருந்து கடைசி எழுத்து வரை ஒவ்வொன்றிலும் ஓரிரு செக்கன் நிறுத்திப் போய்த் திரும்பி, பார்க்கில் விடுங்கள். எஞ்சினை நிறுத்தாமல் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். "ஹொட்" என்று குறித்த இரண்டு கோடுகளுக்கு இடையில் ஒயில் நிற்க வேண்டும். கம்பியைத் துடைக்கப் பழந்துணி வேண்டாம். ஒரு நூல் உள்ளே போனால் வால்வு ஒன்று சிக்கிக்கொள்ளும். பல ஹொண்டாக்களில் முறை வேறு: சூடாக்கிய பின் எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 செக்கனுக்குள் பார்க்க வேண்டும். கம்பியே இல்லாத கார்களும் நிறைய உண்டு. அவற்றைத் தூக்கி, மட்டம் பார்க்கும் ஆணியைத் திறந்து, ஒயில் குறித்த வெப்பநிலையில் இருக்கும்போது பார்க்க வேண்டும். டொயோட்டாவின் மூடிய பெட்டிகள் பலவற்றில் அது 40 பாகை செல்சியஸை அண்டிய ஒரு குறுகிய எல்லை. வன்னிக் கோடையில் நிழலில் நின்ற காரே அந்த எல்லைக்குக் கிட்ட இருக்கும். ஓடிவந்த காரை உடனே தூக்கி ஆணியைத் திறந்தால் விரிந்த ஒயில் வழியும், நிறைய இருக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள்.

அளவு தெரிந்ததா? இனி நிறம். அர்ச்சனைச் சிட்டை எழுதும் வெள்ளைத் தாள் போதும். கம்பி நுனியில் இருந்து ஒரு துளியைத் தாளில் விட்டு, ஐந்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். நல்ல ஒயில் அகலமாகப் பரவி, செம்மையாக அல்லது இளம் மண்ணிறமாக, விளிம்பு வரை ஒரே சீராக இருக்கும். சில சி.வி.டி. ஒயில்கள் பச்சை. நிறம் வேறானாலும் பரவும் விதம் அதேதான். பழுதான ஒயில் நடுவில் கறுத்த பொட்டாக நின்றுவிடும், சுற்றி மஞ்சள் வளையம் மட்டும் ஊறும். அந்தப் பொட்டு தேய்ந்த கிளச் தகட்டின் தூள். விரலில் தேய்த்து மணந்து பாருங்கள். கருகிய சோற்றுப் பானை மணம் வந்தால் தகடு எரிந்திருக்கிறது. அந்த மணத்தை ஒருமுறை பிடித்தவர் பிறகு மறக்கமாட்டார்.

பால் கலந்ததுபோல இளஞ்சிவப்பாக, நுரையாக இருந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீருக்கு இரண்டு வழிகள். ஒன்று, ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் குளிர்விப்பான் உடைந்து குளிர்நீர் ஒயிலோடு கலப்பது. அப்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் அங்கும் எண்ணெய் மிதக்கும். எஞ்சின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். மற்றது வெள்ளம். கியர்பொக்ஸின் உச்சியில் காற்று போய்வர ஒரு சிறு குழாய் உண்டு. சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, அந்தக் குழாய் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கார் வைத்திருந்தவர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. முல்லைத்தீவில் கடல்நீரேரியைக் கடக்கும் வட்டுவாகல் பாலத்துக்கு மேலே தண்ணீர் பாயும்போது "இவ்வளவுதானே" என்று இறங்குகிறவர்களுக்கு ஒன்று: அங்கே கலப்பது கடல்நீரின் உப்பும். கிளச் தகட்டில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். முதல் நாளே ஒயிலை வடித்து இரண்டு மூன்று தடவை மாற்றினால் தப்ப வாய்ப்புண்டு. ஒரு கிழமை ஓட்டிவிட்டு வந்தால் இல்லை.

எந்த ஒயில் ஊற்றுவது என்பதில் பேரம் பேசாதீர்கள். கார்க் கைநூலில் அல்லது கம்பியிலேயே எழுதியிருக்கும். சி.வி.டி.க்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் உருக்குப் பட்டி கப்பியில் வழுக்கிக் கோடு விழும். உழவு இயந்திரத்துக்கு வாங்கிய ஹைட்ரோலிக் ஒயில் மிச்சம் இருந்தது என்று ஊற்றிக்கொண்டு வந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல, ஐயா.

ஒயில் குறைந்திருந்தால் எங்கே போனது என்று பாருங்கள். அச்சுத்தண்டு நுழையும் சீல், சம்பின் (கியர்பொக்ஸின் அடியில் ஒயில் தேங்கும் தட்டு) விளிம்பு, குளிர்விப்பானுக்குப் போகும் ரப்பர்க் குழாய். கிரவல் வீதியில் ஓடும் கார்களில் கல்லடி பட்டுச் சம்ப் உள்ளே குழிந்திருப்பதும் உண்டு. குழிந்த தகடு வடிகட்டியின் வாயை அடைத்தால், ஒயில் நிறைய இருந்தும் பம்ப் பட்டினி கிடக்கும். அறுவடைக் காலத்தில் ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பாருங்கள். வீதியில் காயப்போட்ட நெல்லின் பதரும் தூசியும் செதில்களுக்குள் அடைந்து பாய்போல நிற்கும். எஞ்சின் சூட்டு முள் ஏறாவிட்டாலும் கியர் ஒயில் உள்ளே வெந்துகொண்டிருக்கும். பின்பக்கம் இருந்து மெதுவான தண்ணீரால் கழுவுங்கள்.

வயரும் ஸ்கானரும்

இப்போது என் சொந்த அவமானம் ஒன்று.

பல வருடங்களுக்கு முன், மாங்குளம் பக்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காரைக் கொண்டு வந்தார். ஓடும்போது திடீரென்று மூன்றாம் கியரில் பூட்டிக்கொள்ளும், அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் சரியாகும். கார்க் கணினி பதிவு செய்த பழுதுக் குறிகளை வாசிக்கும் நல்ல ஸ்கானர் அப்போது என்னிடம் இல்லை. ஒயில் சற்றுக் கறுத்திருந்தது. அது போதும் என்று பெட்டியை இறக்கினேன். திறந்து பார்த்தால் தகடுகள் எல்லாம் இன்னும் பாதி ஆயுளோடு இருந்தன. மறுபடி பூட்டி, ஏற்றி, ஓட்டினேன். அதே மூன்றாம் கியர். கடைசியில் பற்றரித் தட்டுக்குக் கீழே கைவிளக்கைப் பிடித்தபோதுதான் தெரிந்தது, வயர்க் கட்டின் உறைக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. வேக சென்சருக்குப் போகும் வயர் ஒன்றின் தோல் சுரண்டப்பட்டு, செம்பு பளபளத்துக்கொண்டு, சட்டத்தில் இருந்து ஒரு நூலிடை தூரத்தில் நின்றது. குலுங்கும்போது தொடும், நின்றால் விலகும். அவ்வளவுதான். "தம்பி, எலி பிடிக்கவா இத்தனை நாள்?" என்று ஆசிரியர் கேட்டார். கூலி வாங்கவில்லை.

ஆகவே வயரை முதலில் பாருங்கள். வளவில் நெல் மூடை அடுக்கி, பக்கத்தில் கார் நிறுத்துகிறவர்கள் இரண்டு தடவை பாருங்கள். கியர்பொக்ஸுக்குப் போகும் சொக்கெற்றுகளைக் கழற்றி, உள்ளே பச்சை களிம்பு அல்லது ஒயில் ஊறியிருக்கிறதா என்று பார்த்து, தொடுகை சுத்திகரிக்கும் ஸ்பிரே அடித்து மாட்டுங்கள்.

பிறகு ஸ்கானர். ஐந்தாறு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவிகள் எஞ்சின் குறிகளை மட்டும் வாசிக்கும். கியர் கணினிக்குள் போகக்கூடிய கருவி வேண்டும். பி0700 என்று வந்தால் அதற்குப் பொருள் "கியர்க் கணினியிடம் கேள்" என்பது மட்டுமே. அந்த எண்ணைக் காட்டி கியர்பொக்ஸ் மாற்றச் சொல்கிறவரிடம் இருந்து காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பி0705 கியர்க்கோலின் இடத்தைச் சொல்லும் சுவிட்ச். வெள்ளம் பட்ட கார்களில் அடிக்கடி வரும். பி0711 ஒயில் வெப்ப சென்சர். பி0715, பி0717 உள்வரும் சுழற்சியை அளக்கும் சென்சர், பி0720, பி0722 வெளியேறும் சுழற்சியை அளக்கும் சென்சர். பி0730 தொடக்கம் பி0734 வரை வந்தால் கணினி கேட்ட கியர் விகிதத்துக்கும் உண்மையான சுழற்சிக்கும் பொருத்தமில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது. பி0741 கன்வேர்ட்டர்ப் பூட்டு. பி0750 முதல் பி0770 வரையானவை மாற்றும் சொலனொயிட்டுகள்.

குறி என்பது தீர்ப்பல்ல. "சொலனொயிட்" என்று குறி சொன்னால் அதன் தடையை அளந்து பாருங்கள். டொயோட்டாவின் பல பெட்டிகளில் திறந்து மூடும் சொலனொயிட் 20 பாகையில் 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலனொயிட் 5 முதல் 5.6 ஓம். அளவு சரியாக இருந்து குறியும் திரும்பத் திரும்ப வந்தால், வயரில் பழுது அல்லது வால்வு தூசியில் சிக்கியிருக்கிறது. குறியை அழிப்பதற்கு முன் அது எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் பதிவானது என்ற விபரத்தைப் படம் பிடித்து வையுங்கள். அழித்தபின் அந்தச் சாட்சி திரும்பி வராது.

கைத்தொலைபேசிக் கடிகாரம் போதும்

இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை என்பதாலோ என்னவோ, யாரும் செய்வதில்லை. சூடான எஞ்சின், சமதரை, கைப்பிறேக், கால் பிறேக்கில். நியூட்ரலில் இருந்து டிரைவுக்கு மாற்றிய கணத்தில் இருந்து, கார் சற்றே அதிர்ந்து "பிடித்தேன்" என்று சொல்லும் கணம் வரை அளவெடுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. மூன்று தடவையின் சராசரி 1.2 செக்கனுக்குள் இருக்க வேண்டும். ரிவேர்ஸுக்கு 1.5 செக்கன். டொயோட்டாவின் பழைய முறைப் பெட்டிகளுக்குச் சொல்லப்படும் அளவுகள் இவை, மற்றவையும் பெரிதாக விலகா. இரண்டும் தாமதமானால் பொதுவான அழுத்தக் குறைவு: ஒயில், வடிகட்டி, பம்ப். டிரைவ் மட்டும் தாமதமானால் முன்செல்லும் கிளச். ரிவேர்ஸ் மட்டும் என்றால் அதன் கிளச்.

பிறேக்கை மிதித்தபடி அக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பலரும் காட்சிக்காகச் செய்கிறார்கள். ஐந்து செக்கனைத் தாண்டினால் ஒயில் கொதிக்கும், பிறேக் விட்டுக்கொடுத்தால் முன்னால் நிற்பவர் கதி அதோகதி. சி.வி.டி., ஹைபிரிட், இரட்டைக் கிளச் எதிலும் செய்யவே கூடாது. பழைய முறைப் பெட்டியிலும் இதை வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள்.

ஏ9 இல் ஓட்டிப் பார்ப்பது

வன்னியில் மலை இல்லை, ஆனால் ஏ9 என்ற நேரான வீதி உண்டு. கிளிநொச்சி நகரத்தைத் தாண்டித் தெற்கே மாங்குளம் பக்கம் திரும்பினால் கியர் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. காலையில் போங்கள். மாலையில் கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும்.

முறிகண்டி வரை போவதற்குள் ஒயில் சூடாகியிருக்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, எஞ்சினை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். சூட்டில் மறுபடி எடுக்கும்போது டிரைவ் தாமதமாகிறதா? அங்கிருந்து மிக மெதுவாக மிதித்துப் புறப்படுங்கள். நான்கு கியர்ப் பெட்டி என்றால் மணிக்கு இருபது கிலோமீற்றரை அண்டி ஒரு மாற்றம், நாற்பதை அண்டி ஒன்று, அறுபதுக்குக் கிட்ட ஒன்று, பிறகு கன்வேர்ட்டர்ப் பூட்டு. அதாவது எஞ்சின் சுழற்சி முள் நான்கு தடவை இறங்க வேண்டும். எத்தனை இறங்கியது என்று எண்ணுங்கள். மூன்றுதான் என்றால் எது காணாமல் போனது என்பதே விடை.

வீதியில் யாரும் இல்லாத இடத்தில், அறுபத்தைந்து எழுபது கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓட்டுங்கள். அதற்கு மேல் சட்டமும் இடம் கொடாது. கற்கள் நிறைந்த ஓரத்தில் ஓடுவதுபோல ஒரு மெல்லிய நடுக்கம் வருகிறதா? அக்சிலேட்டரை அசைக்காமல் இடது காலால் பிறேக்கை மெல்லத் தொடுங்கள், விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். கன்வேர்ட்டர்ப் பூட்டு விடுபட்டுச் சுழற்சி சிறிது ஏறும். அதோடு நடுக்கமும் நின்றால் குற்றம் பூட்டில். பல தடவை சரியான புதிய ஒயில் மாற்றியதோடு அது போய்விட்டிருக்கிறது. நடுக்கம் நிற்காவிட்டால் பிளக், கொயில், சில்லுச் சமநிலை என்று எஞ்சின் பக்கமும் சில்லுப் பக்கமும் திரும்புங்கள்.

பாரத்தில் இழுவை பார்க்கக் குளக்கட்டு ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாகனம் போக அனுமதியுள்ள ஏற்றத்தில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, நின்ற நிலையில் இருந்து ஏறுங்கள். சமதரையில் நல்லபிள்ளையாக இருந்த பெட்டி இங்கே உண்மையைச் சொல்லிவிடும். சி.வி.டி. என்றால் ஏறும்போது பட்டி நழுவும் "தர்ர்" சத்தத்துக்குக் காது கொடுங்கள். வேகம் கூடக்கூட ஊளையும் கூடினால் அது பெரும்பாலும் பேரிங்.

சம்பைக் கழற்றினால்

இவ்வளவுக்கும் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் சம்பை இறக்குங்கள். வடிந்த ஒயிலை அளந்து வையுங்கள். திரும்ப ஊற்றும்போது அந்த அளவில் தொடங்கி, பிறகு முறைப்படி மட்டம் பார்க்கலாம். வடிகட்டியையும் மாற்றுங்கள். சம்பின் அடியில் காந்தத் துண்டுகள் இருக்கும். அவற்றில் திருநீறு குழைத்ததுபோல மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயப்பட எதுவும் இல்லை, வயதின் அடையாளம். விரலில் குத்தும் உருக்குச் சிராய் பற்சக்கரத்துக்கோ பேரிங்குக்கோ உரியது. பித்தளை மின்னினால் புஷ் தேய்கிறது. கறுத்த தாள் துணுக்குகள் கிளச் தகட்டின் தோல்.

பழைய ஒயிலை மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே தகடு முடிந்த பெட்டிதான் மாற்றிய பின்னும் சாகிறது, பழி ஒயிலுக்குப் போகிறது. அழுத்தம் கொடுத்து முழுவதையும் கழுவும் இயந்திரத்தை மட்டும் வயதான பெட்டிக்கு நான் பிடிப்பதில்லை. வடித்து, நிரப்பி, சில நூறு கிலோமீற்றர் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புவது என் வழி.

இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால்

கருகிய மணம், காந்தத்தில் சிராய், விகிதக் குறி, சூட்டில் வழுக்கல். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நானும் இறக்கத்தான் சொல்வேன். அப்போது திருத்துவதா, ஜப்பானில் இருந்து வந்த பழைய பெட்டியை வாங்குவதா என்ற கேள்வி வரும். வாங்குவதானால் உங்கள் பெட்டியின் குறியீட்டு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். கார் பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடம் மாறினால் சொக்கெற்றும் கணினியும் ஒத்துப்போகா. விற்பவர் சம்ப் ஆணியைத் திறந்து ஒரு துளி காட்ட மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

புதிய பெட்டியை ஏற்றும் முன் குளிர்விப்பானையும் அதன் குழாய்களையும் கழுவாவிட்டால், பழைய பெட்டியின் சிராய் புதியதுக்குள் போகும். டோர்க் கன்வேர்ட்டரைப் பெட்டிக்குள் வைக்கும்போது மெக்கானிக்கின் பக்கத்தில் நில்லுங்கள். இரு கையாலும் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ள, அது படிப்படியாக "டக், டக்" என்று இறங்கும். அநேக பெட்டிகளில் கடைசியாகப் பம்பின் பல்லில் உட்காரும். அந்தக் கடைசி "டக்" வருவதற்கு முன் பெட்டியை எஞ்சினோடு சேர்த்து ஆணிகளை இறுக்கி இழுத்தால், எஞ்சினை எடுத்த முதல் செக்கனிலேயே பம்ப் உடைந்துவிடும். கன்வேர்ட்டர் முகத்துக்கும் பெட்டி விளிம்புக்கும் இடையிலான ஆழத்தை, பழைய பெட்டியைக் கழற்றிய அன்றே ஓர் அடிமட்டத்தால் அளந்து சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். என் கராச் சுவர் முழுக்க அப்படியான எண்கள்தான்.